பின்சுவரில் 14 ஓட்டைகள்: கோத்தகிரிச் சரிவில் எட்டு மழைக்காலம்

ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் ஆறடிக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். அங்கே கருங்கல் தடுப்புச் சுவரில் 14 ஓட்டைகள் இருக்கின்றன. சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறுகிற தண்ணீர் வெளியேற விட்ட மூன்று அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள்தான். ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுக் குத்தி, வேரையும் சேற்றையும் இழுத்துப் போட அரை நாள் ஆகும். போன வருஷம் ஒன்றிலிருந்து தவளை குதித்தது. இந்த வீட்டில் நான் போட்ட பணத்தில் உருப்படியானது எது என்று கேட்டால், இந்த ஓட்டைகளைத்தான் காட்டுவேன்.

2017 தையில் பால் காய்ச்சினோம். இடம் 11 சென்ட், பழைய தேயிலைச் சரிவு. தெருவிலிருந்து பின் எல்லை வரைக்குள் ஆறு மீட்டர் ஏறிவிடும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தோம். ஏன் மலிவு என்பது கட்டத் தொடங்கியபின் புரிந்தது.

கீழே காரமடையில் கட்டுகிற மாதிரி 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று பேசி இங்கே கட்ட முடியாது. எங்கள் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேஸ்மென்ட் மட்டம் வருவதற்குள் போய்விட்டது. லாரி தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்து சிமென்ட், மணல், கல் எல்லாம் தலைச்சுமைதான். நீலகிரியில் ஜேசிபியை நினைத்தபடி இறக்கிவிட முடியாது, அனுமதி வேண்டும். அனுமதிக்கு அலைந்து சலித்து, கடைசியில் கடப்பாரை, மண்வெட்டியோடு ஆட்களை வைத்தே மூன்று வாரம் வெட்டினோம். இன்ஜினியர் சொன்ன ஒரு யோசனை மட்டும் அப்போது கைகொடுத்தது: கடைக்காலுக்கு முன்னால் தெருப் படிக்கட்டைக் கட்டிவிடுங்கள் என்றார். அந்த 19 படி இல்லாவிட்டால் சித்தாள்கள் இரண்டாம் நாளே ஓடியிருப்பார்கள்.

நான் முதலில் கேட்டது ஒரே மட்டத்தில் பெரிய வீடு. அதற்குப் பின்பக்கம் ஆழமாக வெட்டி, அந்த மண்ணை முன்னால் கொட்டி நிரப்ப வேண்டும். மேஸ்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "வெட்டுன மண்ணு மேல கட்டலாம் சார், கொட்டுன மண்ணு மேல கட்டாதீங்க." சரி என்று வீட்டை இரண்டு மட்டமாகப் பிரித்தோம். கூடம், சமையலறை, அம்மாவின் அறை எல்லாம் கீழ் மட்டம். ஒன்பது படி ஏறினால் படுக்கையறைகள். மலைப் பகுதியில் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி அப்போது இருந்ததால் கூரையை அளந்து அளந்துதான் இறக்கினோம். மண்ணுக்கு இந்த அமைப்பு நல்லது, முழங்காலுக்கு நல்லதில்லை. எனக்கு இப்போது 56. ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கும்போது ஒவ்வொரு படியும் தெரிகிறது.

மேஸ்திரி பேச்சை மீறி ஒன்றே ஒன்று செய்தேன். கார் நிறுத்தும் மேடையைக் கொட்டின மண்மேல் போட்டேன். மூன்றாம் வருஷம் தெருப் பக்கமாக இரண்டு அங்குலம் இறங்கி, குறுக்கே விரல் நுழைகிற விரிசல் விட்டது. இப்போது அங்கே துணிதான் காய்கிறது.

2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அடியில் பாறை, மேலே கனத்த செம்மண். விடாமல் பெய்தால் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்து, பிடி விட்டு வழுக்கிவிடும். கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதனால் தடுப்புச் சுவரை ஒரே உயரமாக எழுப்பாமல் இரண்டு அடுக்காகக் கட்டி, பின்னால் ஜல்லி நிரப்பி, ஓட்டைகள் விட்டோம். சாதாரண மழைக்கு மூன்று நான்கு ஓட்டைகளில்தான் தண்ணீர் வரும். அடைமழையில் பதினான்கும் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். கேட்காவிட்டால் டார்ச்சோடு எழுந்துவிடுவேன்.

முதல் வருஷம் மேல் தோட்டத்து வாய்க்கால் நேராக எங்கள் சுவர்மேல் இறங்கியது. தோட்டக்காரப் பெரியவரிடம் போய், "அண்ணா, உங்க வாய்க்கால் தண்ணி எங்க சுவர்ல விழுதே" என்றேன். "நீ கட்டுறதுக்கு முன்னாடியும் அங்கதானே தம்பி விழுந்துச்சு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு டீ குடித்து, செலவைப் பாதிப் பாதி போட்டு, வாய்க்காலைப் பக்கவாட்டில் திருப்பித் தெருச் சிறுபாலத்து வடிகாலில் சேர்த்தோம்.

வெட்டிச் செலவு என்றால் கூடத்துக் கண்ணாடி ஜன்னல்தான். பள்ளத்தாக்கைப் பார்க்க எட்டுக்கு ஆறடியில், வடக்கு பார்த்து வைத்தோம். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் போனபின், குளிரில் கண்ணாடியில் பூத்துக் கீழே வழிகிற தண்ணீரைத் துடைப்பது நாங்கள். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் வெயிலே கிடையாது. மூட்டம் இறங்கினால் பார்க்கவும் ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தில் தென்கிழக்கில் இரண்டு ஜன்னல் வைத்திருந்தால் காலை வெயில் வீட்டுக்குள் வந்திருக்கும்.

அடுத்து அலமாரி. மண்ணை ஒட்டிய பின்சுவரோடு சேர்த்து அடித்துவிட்டார் தச்சர், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மழைக்காலம் முடிந்து திறந்தபோது அம்மாவின் கூறைப் பட்டில் ஜரிகை ஓரமாகச் சாம்பல் நிறப் பொட்டுகள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வெயிலில் உதறிப் போட்டார். பிறகு அலமாரியைப் பெயர்த்து நான்கு அங்குலம் இடைவெளி விட்டு, பின்பலகையில் துளைகள் போட்டோம். இப்போது பூஞ்சை குறைவு. அடியோடு போகவில்லை.

ஓட்டுக் கூரை அழகு. ஆனால் குரங்குகளுக்கு ஓடு விளையாட்டுச் சாமான். சமையலறைப் பக்கம் மட்டும் தகர ஷீட்டுக்கு மாற்றினோம். மழை வந்தால் அம்மாவுக்கு சீரியலில் படம் மட்டும்தான், வசனம் கிடையாது. அப்புறம் கரடி. ஒரு தீபாவளி ராத்திரி எண்ணெய் வாசனைக்கு வந்து பின்கதவின் பிளைவுட்டைக் கீறிவிட்டுப் போனது. மறுநாளே இரும்பு கிரில் போட்டேன், அது முதல் திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் புதிதாக ஒன்று. மார்ச்சில், ஒரு மாதமாக மழையே இல்லாதபோதும் 11வது ஓட்டையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. இன்ஜினியரை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அம்மா அதன் கீழே ஒரு வாளியை வைத்து, அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.