7(ஏ)-யா, 504-ஆ? அமெரிக்காவில் பர்கர் கடை வாங்க எந்தக் கடன்

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் உணவகம் எடுக்க நினைப்பவர்களில் பலர் எஸ்பிஏ (அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம்) கடனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதில் 7(ஏ), 504 என இரண்டு திட்டங்களைப் பார்ப்போம். 7(ஏ) திட்டத்தில் எஸ்பிஏ நம் கையில் பணம் தராது. வங்கி தரும் கடனுக்கு உத்தரவாதம் தரும். 1,50,000 டாலர் வரை 85 சதவீதம், அதற்கு மேல் 75. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், நமக்கல்ல. கடை படுத்துவிட்டால் பாக்கி நம் தலையில்தான்.

7(ஏ)-யின் உச்சவரம்பு 50 லட்சம் டாலர். ஃபிரான்சைஸ் கட்டணம், ஃபிரையர், அடுப்புக்கு மேலே மாட்டும் புகைக்கூண்டு, முதல் சில மாதச் சம்பளம், ஏன், ஓடிக்கொண்டிருக்கும் கடையை அப்படியே வாங்குவது வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கடன் போதும். வட்டிதான் தொந்தரவு: பெரும்பாலும் பிரைம் விகிதத்தோடு (வங்கிகள் நம்பகமான வாடிக்கையாளருக்கு வைக்கும் அடிப்படை வட்டி) ஏறி இறங்கும்.

504 வேறு ரகம். நிலம், கட்டடம், நெடுநாள் உழைக்கும் இயந்திரங்கள், அவ்வளவுதான். பன் வாங்கவோ சம்பளம் கொடுக்கவோ அதில் காசு பெயராது. வழக்கமாக வங்கி 50 சதவீதம், சிடிசி என்னும் லாப நோக்கற்ற நிறுவனம் 40, நாம் 10. புதுத் தொழில் என்றால் நம் பங்கு 15 ஆகிவிடும். ஆனால் சிடிசி பகுதியின் வட்டி 25 வருடம் வரை அசையாது.

வாடகைக் கடையில் சாண்ட்விச் விற்கப் போகிறவருக்கு 7(ஏ)-தான், யோசிக்கவே வேண்டாம். டிரைவ்-த்ரூவோடு (காரில் இருந்தபடியே உணவு வாங்கும் வசதி) இடத்தையே வாங்குகிறவர் 504-ஐப் பார்க்கலாம். சரி, அப்போதும் ஃபிரான்சைஸ் கட்டணத்துக்குப் பணம் வேறெங்காவது புரட்ட வேண்டும்.