சிபிபிசெக்கோடு நான்கு தடைக்காலம்

மண்டபம் பக்கத்து ஐஸ் கம்பெனிகளுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்து கொடுக்கிறேன். ஐஸ் பார் உறைகிற உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரு சென்சார், வெளியே ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, சிம் போட்ட ஒரு மாட்யூல். மணிக்கு ஒருமுறை நிலவரம் எஸ்எம்எஸ்ஸாகப் போகும். தொட்டியில் குளிர் குறைந்தால் உடனே எச்சரிக்கை போகும். அது போகாவிட்டால் பார் அரைகுறையாகத்தான் உறையும், விசைப்படகு அதை ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும். அதனால் நிரலில் பிழை இருக்கக் கூடாது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பதைப்பு உண்டு.

நிரல் சி பிளஸ் பிளஸ்ஸில் இருக்கிறது. அதைச் சோதிக்க நான்கு வருடமாக டெர்மினலில் சிபிபிசெக் ஓட்டுகிறேன். டேனியல் மர்யமாக்கி 2007-இல் தொடங்கிய திறமூலக் கருவி இது. நிரலை ஓட்டாமல், கம்பைல்கூடச் செய்யாமல், படித்தே பிழை சொல்லும். நிரல் துணைக்கு அழைக்கும் ஹெடர் ஃபைல் சில கிடைக்காவிட்டாலும் இருப்பதை வைத்து வேலையைப் பார்க்கும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. வாடைக்காற்றும் மழையுமாக இருக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் இது பெரிய விஷயம்.

முதல் வாரமே அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எந்தெந்த வகைச் செய்தி வேண்டும் என்று சொல்லும் எனேபிள் ஆப்ஷனில் 'ஆல்' என்று கொடுத்ததுதான் காரணம். திரை நிறையச் செய்திகள் ஓடின. ஹெடரைக் காணோம், இந்த மாறியை கான்ஸ்ட், அதாவது மாறாத மதிப்பு, ஆக்கலாம் என்று வரிசையாக வந்தது. நிரலின் முக்கியப் பகுதிகளான செட்அப், லூப் என்ற இரண்டு ஃபங்ஷனையும் யாருமே அழைக்கவில்லை என்றுகூடச் சொன்னது. அவற்றை, போர்டுக்கு நிரல் எழுத நான் பயன்படுத்தும் ஆர்டுயினோ வெளியிலிருந்து அழைக்கிறது, அது இந்தக் கருவிக்குத் தெரியாது.

அடுத்து வந்த தடைக்காலத்தில்தான் மறுபடி எடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனியும் ஓயும், எனக்கும் நேரம் கிடைக்கும். இந்தத் தடவை 'வார்னிங்' மட்டும் கொடுத்தேன். பதினோரு செய்தி வந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்ததில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. சென்சார் பதில் தராத நேரத்தில், மதிப்பே வைக்காத ஒரு மாறியைச் சராசரியில் கூட்டிக்கொண்டிருந்தேன். எப்போதாவது வந்த விசித்திரமான அளவுகளுக்கு வயர்தான் காரணம் என்று நினைத்து, அதுவரை இரண்டு சென்சார் மாற்றியிருந்தேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். பிழைச் செய்திகள் சாதாரண வெளியீட்டில் இல்லாமல், ஸ்டாண்டர்டு எரர் என்ற தனி வழியாகத்தான் வரும். சாதாரணமாக ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் அவை அதில் சேராது. அப்புறம், பிழை கண்டாலும் கருவி பூஜ்யம் என்ற எக்ஸிட் கோடோடுதான் முடியும், அதாவது எல்லாம் சரி என்று சொல்லி முடியும். 'எரர் எக்ஸிட்கோட்' ஆப்ஷனில் ஒன்று என்று கொடுத்தால்தான் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். இது தெரியாமல் சில மாதம், சோதனை தேறிவிட்டது என்று நம்பியே போர்டில் நிரலை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பில்ட் டைரக்டரி ஆப்ஷனைக் கட்டாயம் போடுங்கள். முந்தைய முடிவுகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, மாறிய ஃபைலை மட்டும் மறுபடி பார்க்கும். என் பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு தடவையும் ஓட்டலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. தேவையில்லாத செய்தியை நிரலுக்குள்ளேயே சப்ரஸ் கமெண்ட் போட்டு அடக்கலாம். ஏன் அடக்கினேன் என்ற காரணத்தையும் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எதுவும் நினைவுக்கு வராது.

இனி அது பிடிக்காத பிழைக்கு வருகிறேன். ஒரு கம்பெனியில் கரண்ட் போகும்போதெல்லாம் கருவி அணைகிறது என்று யுபிஎஸ் வைத்துக் கொடுத்தேன். ஐம்பதாவது நாள் விடியக்காலை முதலாளியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, அரை மணி நேரமா மெசேஜ் நிக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாருங்க." நான் போய்ச் சேர்வதற்குள் அது தானாக நின்றுவிட்டது. ஆனால் சிம்மின் அன்றைய எஸ்எம்எஸ் வரம்பு தீர்ந்திருந்தது. அன்று தொட்டி சூடாகியிருந்தால் அவருக்குத் தகவலே போயிருக்காது.

போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து மில்லிஸ் என்ற கவுண்டர் 32 பிட்டில் மில்லிசெகண்டை எண்ணுகிறது. சுமார் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அடுத்த எஸ்எம்எஸ் நேரத்தை முன்கூட்டியே கூட்டி வைத்து, மில்லிஸ் அதைத் தாண்டியதா என்று ஒப்பிட்டிருந்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில் அந்தக் கூட்டல் நிரம்பிச் சின்ன எண்ணாகிவிட்டது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் தாண்டிவிட்டது என்றே ஆனது. அதுவரை கரண்ட் போய்ப் போய் வந்ததில் கவுண்டர் ஒருமுறையும் அந்த எல்லையைத் தொடவில்லை.

சிபிபிசெக்கைக் குறை சொல்ல மாட்டேன். மொழியின் விதிப்படி அந்த வரி சரிதான், நான் மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நினைத்தது அதற்கு எப்படித் தெரியும்? இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக அனுப்பிய நேரத்தைக் கழித்து ஒப்பிடும்படி மாற்றிவிட்டேன். போர்டில் ஏற்றும் ஸ்கிரிப்டில் முதலில் சிபிபிசெக் ஓடும். அது தேறினால், கவுண்டரை எல்லைக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து தொடங்கி ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று ஓடும். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் அந்த நிரலை எந்தக் கம்பெனிக்கும் கொண்டுபோவதில்லை.