சேலத்தில் எம்.ஏ. ஆங்கிலம்: சேருவது சுலபம், 55 எடுப்பதுதான் பாடு

தேர்வில் 38ம் இன்டர்னலில் 17ம் கூட்டினால் 55. எம்.ஏ. ஆங்கிலம் சேரப் போகிறவர்கள் ஃபீஸ் விவரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு தாளுக்கு 100 மதிப்பெண். அதில் 75 செமஸ்டர் தேர்வுக்கு, 25 இன்டர்னலுக்கு. முதுகலையில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். ஒருவர் தேர்வில் தட்டுத் தடுமாறி 38 வாங்கி, இன்டர்னலில் 15 வைத்திருந்தால் 53. பாஸ்தான், பட்டமும் வரும். இதே நிலைமை எல்லாத் தாள்களிலும் தொடர்ந்தால், கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வின் கதவு அவருக்குத் திறக்காது. அதற்குப் பொதுப் பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடு காட்ட வேண்டும். மேலே தள்ளிக் கணக்கிடும் சலுகை கிடையாது, 54.9 என்றால் 54.9தான். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராத ஓ.பி.சி. ஆகியோருக்கு 50 போதும். இங்கேயும் ஒரு முடிச்சு உண்டு: நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை அப்படியே நீட்டினால் செல்லாது. மத்தியப் பட்டியலில் தன் சாதி இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையம் வழியாக ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் ஏராளம்.

சேலத்தில் இந்தப் படிப்புக்கு வழி மூன்று. ஒன்று, பெங்களூரு நெடுஞ்சாலையில் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக வளாகம். 1997இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இரண்டு, நகருக்குள் இருக்கும் கல்லூரிகள்: செர்ரி சாலை அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு ஃபேர்லேண்ட்ஸ் ஸ்ரீ சாரதா கல்லூரி போன்றவை. மூன்று, தொலைநிலைக் கல்வி.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் பஸ் வசதியை வைத்தே முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்தம் எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கடையில் கிடைக்கும் கைடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்காக அச்சடிக்கப்படுபவை. தன்னாட்சிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு அந்தக் கைடை நம்பினால், யூனிட்டே பொருந்தாது. ஐந்தில் இரண்டு யூனிட் கைடில் இல்லை என்பது தேர்வுக்கு முந்தின இரவு தெரியவரும்.

சேருவதற்கு பி.ஏ. ஆங்கிலம் இருந்தால் பிரச்சினை இல்லை. வேறு பட்டத்தில் பகுதி 2 ஆங்கிலம் படித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். ஆனால் பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலத்துக்கு வருகிறவர் ஒரு விஷயத்தை யோசித்து வர வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கான டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளில், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பார்க்கலாம். கூடவே பி.எட். வேண்டும், அதற்கு இன்னும் 2 ஆண்டு. இலக்கு அந்த வேலைதான் என்றால் கடைசி அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். பெங்களூரில் டிகிரி முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும் தகுதிச் சான்றிதழும் தேவைப்படும். இதற்கு வாரக் கணக்கில் ஆகும் என்பதால் ரிசல்ட் வந்த கையோடு எழுதிப் போட்டுவிடுவது நல்லது.

தொலைநிலை வழியை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்தான். ஆனால் அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு ஒட்டுமொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தச் சேர்க்கைப் பருவம் என்று தனித்தனியாகத் தரப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டிவிடக் கூடாது, எம்.ஏ. ஆங்கிலம் என்ற வரி, நீங்கள் சேரும் ஆண்டுக்கு நேராக இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப்பின் இணையதளத்தில் பாருங்கள். 2024 முதல் டெப் ஐ.டி. என்ற எண்ணை மாணவரே எடுத்தால்தான் சேர்க்கை. "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து விலகி நில்லுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு எங்கள் சிபாரிசு பெரும்பாலும் தொலைநிலைதான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறிக் கருப்பூர் போய், சாயங்காலம் அதே வழியில் ஏறுவது இரண்டு ஆண்டுக்குத் தாங்காது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பு போச்சு. நேரடி வகுப்பில் வருகைப்பதிவு 75 விழுக்காடு கேட்பார்கள். 65க்கு மேல் இருந்தால் காண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம் கட்டித் தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் சந்தேகம். ஹாஸ்டல் கிடைத்தால் கதை வேறு.

இனி பாடம். காசுக்கு ஏற்ற சரக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்திலிருந்து இந்திய ஆங்கில எழுத்து வரை, இலக்கியத் திறனாய்வு, மொழியியல் என்று விரிவான பந்திதான். மதிப்பெண் வழுக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது ஒலியியல். பிரிட்டிஷ் நிலை உச்சரிப்பில் 44 ஒலிகள்: உயிர் 20, மெய் 24. எழுத்தோ 26தான். 'பிஸி' என்ற சொல்லில் யு என்ற எழுத்து 'இ' என்று ஒலிக்கிறது. 'விமன்' என்பதில் ஓவுக்கும் அதே ஒலி. எழுத்தைப் பார்த்து ஒலிக்குறி போடுகிறவருக்கு இரண்டுமே தப்பாகும். நமக்கு இன்னொரு தொந்தரவு, 'ஸ்கூல்' முன்னால் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும் 'இ'. வாயில் இருப்பது அப்படியே தாளில் இறங்கிவிடும். இதற்குக் கைடு உதவாது. அகராதியை வைத்துக்கொண்டு தினம் பத்துச் சொல் எழுதிப் பார்த்தால் ஒரு செமஸ்டரில் கை பழகிவிடும். சரி என்றால் முழு மதிப்பெண் விழும் பகுதி இது. கட்டுரையில் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது நேரம். 3 மணி நேரம், 75 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். 10 மதிப்பெண் கட்டுரைக்கு 24 நிமிடம்தான் பங்கு. முதல் கட்டுரையை 40 நிமிடம் இழைத்து எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியில் குறிப்பு மட்டும் போடுவதுதான் சேலத்து விடைத்தாள்களின் தீராத நோய்.

ஜெராக்ஸ் கடை நோட்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கதைச் சுருக்கத்துக்கு ஓகே. ஆனால் ஒரே வரியை 40 பேர் எழுதினால் திருத்துகிறவருக்குத் தெரியாதா? மூலத்தைத் தொட்டவர் என்று காட்ட ஒரு துல்லியமான தகவல் போதும். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667இல் 10 புத்தகங்களாக வந்தது, 1674இல்தான் 12 ஆனது. வகுப்பில் நடத்தும் 9ஆம் புத்தகம் முதல் பதிப்பில் 8ஆவது. பதிப்பாசிரியரின் முன்னுரையைப் புரட்டினாலே இது கிடைக்கும், அதைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட்டும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும். சீனியரின் பைண்டிங்கை வாங்கிப் பெயரை மாற்றுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. நூற்பட்டியலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு நூலின் பதிவும் 'பிரின்ட்' என்ற சொல்லில் முடிந்தால் அது எம்.எல்.ஏ. (நூற்பட்டியல், மேற்கோள் எழுதும் முறையை வகுக்கும் அமெரிக்கச் சங்கம்) கையேட்டின் 2009ஆம் ஆண்டு 7ஆம் பதிப்பு வழக்கம். 2016இன் 8ஆம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள், 2021இல் 9ஆம் பதிப்பும் வந்தாயிற்று. எழுத்துத் திருட்டு விஷயத்தில் யு.ஜி.சி.யின் 2018 விதி 10 விழுக்காடு ஒற்றுமை வரை விட்டுவிடுகிறது. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்லும். ஆறு மாதம் என்றால் அந்த ஆண்டு சேர்க்கையும் வேலை விண்ணப்பமும் போச்சு என்று அர்த்தம்.

எம்.ஏ.வுக்குப் பிறகு எம்.பில். என்று இன்னமும் சில நோட்டீசுகளில் பார்க்கலாம். 2022 விதிகளோடு யு.ஜி.சி. அதை நிறுத்திவிட்டது. நெட்டை எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம்; நெட் ரிசல்ட் வந்து 2 ஆண்டுக்குள் அந்த 55ஐக் காட்டிவிட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் 150 கேள்வியில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.