ஓல்காவின் ‘மீட்சி’: சீதை கேட்கிறாள், மற்றவர்கள் பேசுகிறார்கள்

இராமாயணத்தில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுள் ஒருத்தி இன்னொருத்தியிடம் மனம்விட்டுப் பேசும் இடங்கள்தாம் அரிது. அந்த இடைவெளியில்தான் தெலுங்கு எழுத்தாளர் ஓல்கா தமது ‘விமுக்தா’ கதைகளை அமைத்திருக்கிறார். 2015இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற இத்தொகுப்பைக் கௌரி கிருபானந்தன் ‘மீட்சி’ என்று தமிழாக்கியுள்ளார். சூர்ப்பணகை, அகலிகை, ரேணுகை, ஊர்மிளை ஆகிய நால்வரையும் சீதை சந்திக்கும் கதைகளோடு, இராமனைப் பற்றிய கதையொன்றும் இதில் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது சூர்ப்பணகையின் கதை. காட்டில் கண்ட அழகிய தோட்டத்தையும், அதை வளர்க்கும் மூக்கறுபட்ட பெண்ணையும் பற்றி லவகுசர்கள் சொல்லக் கேட்டு, சீதை அவளைத் தேடிச் செல்கிறாள். கம்பன் தந்த ஒயிலான நடையையும் அதன்பின் நேர்ந்த அவமானத்தையும் மட்டுமே அறிந்த நமக்கு, உருவம் சிதைந்த வெறுப்பைக் கடந்து மண்ணிலும் செடியிலும் அழகைக் கண்டுகொண்டவளாக அவள் எதிர்ப்படுவது முற்றிலும் புதிது. கணவனால் கைவிடப்பட்டவளுக்கு, அவன் தரப்பால் மூக்கறுபட்டவள் ஆறுதல் சொல்கிறாள் என்பதில் உள்ள முரணை ஓல்கா விளக்கிக் கொண்டிருக்கவில்லை.

அகலிகை, கணவன் உருவில் வந்த இந்திரனை அறிந்தாளா, அறியவில்லையா என்று காலங்காலமாக நடக்கும் விவாதத்தை விட்டுவிட்டு, அதை விசாரிக்கும் உரிமை யாருக்கு என்று ஓல்கா கேட்கிறார். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையைப் படித்தவர்களுக்கு இந்தச் சந்திப்பு வேறொரு கனத்தோடு வரும், அங்கே அகலிகை மீண்டும் கல்லாகிறாள், இங்கே சீதைக்குத் துணையாகிறாள். கணவன் இலக்குவன் காட்டிலிருந்த பதினான்கு ஆண்டுகளும் உறங்கியே கழித்ததாகத் தெலுங்கு நாட்டுப்பாடல் சொல்லும் ஊர்மிளை, இத்தொகுப்பில் கதவை அடைத்துக்கொண்டு தன்னையே ஆராய்கிறாள்.

ரேணுகையின் கதைதான் ஏமாற்றம். கற்பின் வலிமையால் அவள் வனைந்ததாகச் சொல்லப்படும் மணற்குடம் என்ற அருமையான படிமம் கிடைத்தும், பாத்திரத்தை முந்திக்கொண்டு கருத்து பேசுகிறது. மாரியம்மன் கதைகளின் வழியே அவளை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த உக்கிரம் இதில் கிடைக்காது. பெண்கள் அனைவரும் ஒரே நிதானத்தோடும் ஒரே ஞானத்தோடும் பேசுவதும் ஒரு குறையே. ஒருத்தியாவது இன்னும் ஆறாத கோபத்தோடு சீதையிடம் சண்டையிட்டிருக்கலாம்.

இராமனையும் ஆரிய தர்மத்தின் கைதியாகக் காட்டும் கதையை அவனுக்கு அளித்த சலுகையாகச் சிலர் கருதலாம். அவன் துறக்க முடியாத அதிகாரத்தை அந்தப் பெண்கள் முன்பே துறந்துவிட்டார்கள் என்பதை அக்கதைதான் தெளிவாக்குகிறது என்பதால், அதை நான் அப்படிப் படிக்கவில்லை.