கோவை பம்ப் சர்வீஸ்காரர்கள்: வேலை சுத்தம், பாதுகாப்பு அரைகுறை

பம்பில் அடிக்கடி பேரிங் போகிறது, கிளாண்டு (சுற்றும் தண்டான ஷாஃப்ட் பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஒழுகாமலிருக்கக் கயிறு அடைக்கும் பகுதி) ஒழுகிக்கொண்டே இருக்கிறது, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் தூளாகிறது என்று அவதிப்படுகிறவர்கள் இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம், கொடுக்கிற காசு வீண் போகாது. ஆனால் வேலை முடிகிறவரை உங்கள் ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். குறையையும் சேர்த்து எழுதுவதால் கடையின் பெயரைப் போடவில்லை. கோவை கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை, சைட்டுக்கே வந்து வேலை பார்ப்பார்கள்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும், இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும், அதனால் ஒரு பம்ப் நின்றால் அந்த நாள் வேலையே தடுமாறும். தொல்லை கொடுத்தது 15 எச்பி, 2900 ஆர்பிஎம் கப்ளிங் பம்ப், உப்புத் தண்ணீர் ஓடுவது. உள்ளூர் மெக்கானிக் வருவார், பேரிங்கைத் தட்டி இறக்குவார், போய்விடுவார், கொஞ்ச நாளில் பழையபடி சத்தம் வரும்.

இவர்கள் பிட்டர் வந்ததும் பேரிங் பக்கமே போகவில்லை. தண்ணீரை இழுக்கும் சக்ஷன் பைப்பைப் பம்போடு சேர்க்கிற ஃபிளேஞ்சின் போல்ட்டைக் கழற்றினார், பைப் சட்டென்று ஒரு பக்கம் விலகி நின்றது. "பைப்பு இழுத்துப் புடிச்சிருக்குதுங்ண்ணா, பேரிங் பாவம் என்ன பண்ணும்" என்றார். பைப்புக்கு அடியில் தாங்கல் இல்லை, மொத்தப் பாரமும் பம்பின் வாயில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் சப்போர்ட் வைத்து, ஃபிளேஞ்ச் இரண்டும் இழுக்காமல் தானாக உட்காரும்படி பண்ணினார்கள். அப்புறம் மோட்டார் கால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சின்ன அசைவையும் காட்டுகிற டயல் கேஜின் முள் நகர்கிறதா என்று பார்த்து, நகர்ந்த காலுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டார்கள். கடைசியில்தான் அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது. 0.05 மில்லிமீட்டருக்குள் வரும்வரை விடவில்லை, பைப்பை முறுக்கிய பிறகு இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார். ஸ்கேலைக் கப்ளிங் மேல் வைத்துவிட்டு "நேரா இருக்குது" என்று சொல்லிப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிது.

கப்ளிங் போடும் முன் மோட்டாரைத் தனியாக ஓட்டிச் சுற்று சரியா என்று பார்த்ததும் பிடித்தது. ரீவைண்டிங் போய் வந்த மோட்டாரில் ஒயர் மாறியிருந்தால் பம்ப் எதிர்த் திசையில் சுற்றும், தண்ணீர் அப்போதும் வரும், ஆனால் அளவும் பிரஷரும் குறையும், ஆட்கள் உள்ளே சுற்றுகிற சக்கரமான இம்பெல்லர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஷாஃப்டில் மரை போட்டு ஏற்றிய இம்பெல்லராக இருந்தால் கழன்று பம்பின் வெளிக்கூடான கேசிங்கில் இடிக்கவும் செய்யும்.

கிளாண்டு வேலையை மட்டும் பார்த்தாலே இவர்களுக்கு முழு மார்க் போடலாம். நம் ஆட்கள் ஒழுகினால் பழைய கயிற்றின் மேலேயே ஒரு சுற்றுப் புதுக் கயிற்றைத் திணிப்பார்கள். இவர் அடியில் ஒட்டிக்கிடந்த கடைசி வளையம்வரை கொக்கி விட்டு எடுத்தார். ஷாஃப்டின் மேல் மாட்டியிருக்கிற உறையான ஸ்லீவில் நகம் மாட்டும் அளவுக்கு வரி விழுந்திருந்தது, அதை மாற்றாமல் எந்தக் கயிறு போட்டாலும் நிற்காது என்று சொல்லி மாற்றினார். புதுக் கயிற்றை அளவாகச் சாய்த்து வெட்டி, ஒரு வளையத்தின் சேர்ப்பு அடுத்ததற்கு நேராக வராமல் 90 டிகிரி தள்ளித் தள்ளிப் போட்டார். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி ஓட்டவிட்டார், தண்ணீர் தாராளமாகக் கொட்டியது, எங்கள் ஆபரேட்டர் தரை நனைகிறதே என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனதும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். கிளாண்டு சொட்டத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் கயிற்றையும் ஸ்லீவையும் குளிரவைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறுக்கி, நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கயிற்றுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல் (இரண்டு வழவழப்பான முகங்கள் ஒட்டி ஓடி ஒழுகலை அடைப்பது) போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். எங்கள் தொட்டி சில நேரம் வற்றிவிடும், தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்துகிற லெவல் சுவிட்ச் வைக்காமல் சீல் போட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற கொஞ்ச நேரத்தில் அதன் முகம் பாழாகிவிடும்.

இனி குறைகள். பேனலில் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு நேரே பம்பைத் திறக்க உட்கார்ந்துவிட்டார்கள், அதற்குப் பூட்டும் இல்லை, வேலை நடக்கிறது என்ற அட்டையும் இல்லை. பேனல் இருப்பது இன்னொரு ரூமில், யாராவது ஏதோ டிரிப் ஆகிவிட்டது என்று தூக்கிவிட்டால் என்ன ஆகும்? எங்கள் பூட்டைப் போட்டு, அட்டை மாட்டி, சாவியைப் பிட்டர் கையிலேயே கொடுத்தேன். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி உள்ள இடமாக இருந்தால் கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே சார்ஜ் இருக்கும், அதன் மேல் எழுதியிருக்கிற நேரம் காத்திருக்க வேண்டும், இவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. சக்ஷன், டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்கம்) இரண்டு வால்வையும் மூடி, டிரெயின் பிளக்கைத் திறந்து பிரஷர் இறங்கிய பிறகுதான் கேசிங் போல்ட்டைத் தொட வேண்டும் என்பதையும் நாங்கள்தான் சொன்னோம்.

இதைவிட மோசம், டிரையலின்போது டெலிவரி வால்வை மூடி ஸ்டார்ட் செய்துவிட்டு ஹெல்பர் டீக்குக் கிளம்பியது. மூடி ஸ்டார்ட் செய்வது சரிதான், இந்த வகைப் பம்பில் அப்போது கரண்ட் குறைவாக எடுக்கும், ஆனால் வேகம் எடுத்ததும் திறந்துவிட வேண்டும். மூடியே ஓடினால் உள்ளே இருக்கிற அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும், சக்ஷனும் மூடியிருந்தால் கேசிங் வெடிக்கும் அளவுக்குப் போகலாம். எங்கள் ஆபரேட்டர் ஓடிப்போய்த் திறந்தார். சுற்றுகிற கப்ளிங்கை மூடிவைக்கிற கார்டை "நாளைக்கு வந்து மாட்டிக்கிறோங்ண்ணா" என்று சுவரோரம் சாய்த்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஆட்கள் நடக்கிற இடம் அது. மாட்டினால்தான் பில்லில் கையெழுத்து என்றதும் மாட்டினார்கள்.

பக்கத்துப் பம்ப் ஜல்லி போட்டு உருட்டுவதுபோல் சத்தம் போட்டதற்குப் புது இம்பெல்லர் வாங்கச் சொன்னார்கள். சக்ஷனில் தண்ணீர் பற்றாமல் குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. சக்ஷன் பக்கத்து வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்த்தால் நூலும் பஞ்சும் அடைத்திருந்தது, சுத்தம் செய்ததும் சத்தம் நின்றது. ஆக ஸ்பேனர் வேலையில் கெட்டி, தண்ணீர் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஸ்பேர் விற்பதிலேயே குறி.

கூலி உள்ளூர் மெக்கானிக்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஸ்பேர் தனி. அந்த 15 எச்பி பம்ப் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது, பேரிங் மேல் கை வைத்தால் சுடவில்லை, ரப்பரும் தாங்குகிறது. கூப்பிடுகிறவர்கள் அலைன்மென்ட் ரீடிங்கைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.