வாக்-இன் வார்ட்ரோப் போடப் போகிறீர்களா? எங்கள் 6 அடி அறையில் நடந்ததைப் படித்துவிட்டு அளவு முடிவு பண்ணுங்கள்

மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. மாடிப் படுக்கையறையை ஒட்டி ஒரு வாக்-இன் வார்ட்ரோப், அதாவது உள்ளே நடந்து போய்த் துணி எடுக்கிற தனி அலமாரி அறை, போட்டோம். அதற்குக் கொடுத்த பணம் 2,63,000 ரூபாய்க்கு மேல். இன்றைக்கு அதில் ஒரு பக்கம் முழுவதையும் பிரித்து எடுத்தாகிவிட்டது. மீதி இருக்கிற பக்கத்திலும் அடிப்பலகை உப்பிக் கிடக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் செய்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் யாரும் எங்களை மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் படுக்கையறை முதலில் 16 அடிக்கு 11 அடி. அதன் ஒரு கோடியில் நாலரை அங்குலச் சுவர் எழுப்பி அறையைத் தடுப்பதாகத் திட்டம். எத்தனை அடி விட்டுத் தடுப்பது என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது பேசி வைத்திருந்த இன்டீரியர்காரர் நேரில் வந்து பார்த்தார். "ஆறு அடி விடுங்க மேடம். ரெண்டு பக்கமும் வார்ட்ரோப் போட்டுக்கலாம், தாராளமா இருக்கும்" என்றார். மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு 3டி படம் வந்தது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து மேல்வரை அலமாரி, உள்ளே மஞ்சள் விளக்கு, நடுவில் ஒரு வட்டமான குஷன் ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பு மாட்டலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டோம். படத்தில் ஓர் எண்கூட இல்லை. அளவு போட்ட வரைபடம் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். மேஸ்திரி விடும் 6 அடி என்பது செங்கலிலிருந்து செங்கல் வரை, அதாவது 72 அங்குலம். இரண்டு பக்கச் சுவர்ப் பூச்சுக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் போகும், மீதி 71. ஒரு பக்க அலமாரியின் ஆழம் 2 அடி. சுவருக்கும் பலகைக்கும் இடையே விடும் சிறு இடைவெளியையும் சேர்த்தால் எங்கள் வீட்டில் 24½ அங்குலம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் 49. 71-இல் 49 போனால் நடுவில் நிற்க, நடக்க, கதவு திறக்க எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 22 அங்குலம். அலமாரிக் கதவு ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். கதவைத் திறந்தால் அது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தைத் தொடும், நடுவில் ஆள் நிற்க இடமே கிடையாது. இழுப்பறையை முழுவதும் இழுக்க வேண்டும் என்றால் நான் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்ட வேண்டும். படத்தில் இருந்த அந்த ஸ்டூலை எங்கே வைப்பது?

இதைவிட எனக்கு மனசு கஷ்டமாகிப்போன விஷயம் ஒன்று உண்டு. பாத்ரூமுக்குப் போகும் வழியும் இந்த அறைக்குள்ளேதான். என் மாமியாருக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு. மாடியில் எங்களோடு தங்கும் நாட்களில் ராத்திரி எழுந்து அந்த 22 அங்குல இடுக்கில் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் யாரோ சரியாகச் சாத்தாமல் விட்ட கதவின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, லேசா வீங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அன்றைக்குத்தான் முதன்முறையாக டேப்பை எடுத்து அளந்தேன்.

சரி, இருபது வருஷம் இந்த வேலை பார்த்ததாகச் சொன்ன ஒருவருக்கு 6 அடியில் இரண்டு பக்கம் போட முடியாது என்று தெரியாதா? தெரியும். கொட்டேஷனைத் திரும்பப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. விலை, முன்பக்கச் சதுர அடிக்கு 1,450 ரூபாய். நீளமான பக்கம் 11 அடி, உயரம் 9 அடி, ஆக 99 சதுர அடி. எதிர்ப்பக்கத்தில் வாசலுக்கு 3 அடி போக 8 அடி நீளம், 72 சதுர அடி. மொத்தம் 171 சதுர அடிக்கு 2,47,950 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 2,92,581. ஒரு பக்கம் போதும் என்று அவர் சொல்லியிருந்தால் வரிக்கு முன்னால் 1,04,400 ரூபாய் அவருக்குக் குறைந்திருக்கும். அறையின் அளவைச் சொல்பவரும் சதுர அடிக்குக் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால், அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அந்த 2 அடி ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டையை ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை அகலம் 17, 18 அங்குலம் வரும், அதனால் மாட்டி வைக்கும் பகுதிக்கு 2 அடி ஆழம் தேவைதான். ஆனால் நம் வீட்டில் மாட்டுவதைவிட மடித்து வைப்பதுதான் அதிகம். புடவை, வேட்டி, துண்டு, போர்வை, குழந்தைகள் துணி எல்லாம் மடிப்புத்தான். மடித்த புடவைக்கு 14, 15 அங்குல ஆழமே போதும். 2 அடி ஆழத் தட்டில் புடவையை இரண்டு வரிசையாக அடுக்கினேன், பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. என் அம்மா வீட்டு இரும்பு பீரோ ஒன்றரை அடிக்குக் கொஞ்சம்தான் மேல். அதிலிருந்து எந்தப் புடவையையும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பின்னே எல்லாத் தட்டையும் ஏன் 2 அடி போடுகிறார்கள் என்று பின்னால் வந்த ஆசாரியிடம் கேட்டேன். ப்ளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, நடுவில் ஓர் அறுப்பு அறுத்தால் இரண்டு 2 அடிப் பட்டை, துண்டு விழாது, வேலை சீக்கிரம் முடியும் என்றார்.

அந்த ஆசாரி வந்த கதையையும் சொல்கிறேன். ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது வாரம். அறைக்கு ஜன்னல் கிடையாது, வென்டிலேட்டரும் வைக்கவில்லை. பாத்ரூம் ஈரம் முழுக்க உள்ளேதான் சுற்றியது. வீட்டுக்காரரின் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. என் கூறைப்புடவையைப் பிரித்தால் முக்கல் வாடை. அதே வாரம் பாத்ரூம் சுவரை ஒட்டிய கடைசிக் கதவு தொங்க ஆரம்பித்தது. நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்தும் ஆள் வரவில்லை. அதனால் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கீலைத் தொட்டதுமே திருகாணி நாலும் கையோடு வந்துவிட்டன. ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் நுனியில் ஈரமான பழுப்புத் தூள். "இது ப்ளைவுட் இல்லீங்கம்மா, தூள் பலகை. கதவு மட்டும்தான் ப்ளை" என்றார். கீழே இருந்த பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினார், விரல் பதிந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள்பெட்டியிலிருந்து (கதவு நீங்கலான அலமாரிக் கூடு) ஒரு துண்டும் கதவிலிருந்து ஒரு துண்டும் அறுத்துத் தரச் சொல்லி, இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அரை மணி நேரத்தில் உள்பெட்டித் துண்டு டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிப் பிரிந்தது. கதவுத் துண்டு அப்படியே இருந்தது.

அப்புறம்தான் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் '18 எம்எம், 710 கிரேடு ப்ளைவுட்' என்று போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'உள்பெட்டி: இன்ஜினியர்டு வுட்'. பெயரைக் கேட்டால் ப்ளைவுட்டைவிட உசத்தி என்று தோன்றும். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. வாயால் பேசும்போது "எல்லாமே 710 தான் மேடம்" என்றுதான் சொன்னார்கள், சாம்பிளாக ஒரு ப்ளைவுட் துண்டையும் கையில் கொடுத்தார்கள். 710 என்பது கடல்தர ப்ளைவுட்டுக்கான இந்திய தர எண், 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது அதன் சோதனை. சாதாரண ப்ளைவுட்டுக்கு எண் 303. உங்கள் கொட்டேஷனில் கதவு, உள்பெட்டி, தட்டு, பின்பலகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன பலகை, எத்தனை எம்எம் என்று எழுதச் சொல்லுங்கள். ஷீட் வந்து இறங்கும்போது, அறுப்பதற்கு முன்னால், அதன் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். பட்டறையிலேயே அறுத்து லேமினேட் என்ற மேல்தாளை ஒட்டிக் கொண்டுவந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

பணம் கொடுத்த விதத்திலும் தப்பு செய்தோம். பாதி முன்பணம், பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், மீதி 10 சதவீதம் முடிந்த பிறகு. பெட்டிகளை மாட்டத் தொடங்குவதற்கு முன்பே 90 சதவீதம் அவர்கள் கைக்குப் போயாகிவிட்டது. புகார் சொன்னதும் "ஈரத்துக்கு வாரண்டி கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. அந்தக் கடைசி 10 சதவீதத்தை, 29,258 ரூபாயை, நாங்கள் கொடுக்கவில்லை. எங்களுக்கு இருந்த பிடி அது ஒன்றுதான். உங்களால் முடிந்தால் கால் பங்காவது, வேலை முடிந்து ஒரு மாதம் புழங்கிய பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பதில் சரியாக வரவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த 3டி படத்தையும் நாங்கள் இணைத்திருக்கிறோம்.

இப்போது அளவுக்கு வருகிறேன். பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு பக்கம் மட்டும் அலமாரி என்றால் பூச்சு முடிந்த அகலம் குறைந்தது 5 அடி, அதாவது அலமாரிக்கு 2, நடக்க 3. இரண்டு பக்கமும் என்றால் 7 அடி இல்லாமல் தொடவே வேண்டாம், 8 இருந்தால்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நின்று கிளம்ப முடியும். பாத்ரூம் வழி அதற்குள்ளேயே போகிறது என்றால் அந்த 3 அடியில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள். தள்ளுகதவு போட்டால் இடம் மிச்சம் என்பார்கள், ஆனால் அதன் தண்டவாளம் ஆழத்தில் மூன்று நாலு அங்குலம் தின்னும், நிற்கிற ஆளுக்கு இடம் எப்படியும் வேண்டும். மூன்று பக்கமும் சுற்றிப் போட்டால் மூலையில் கை எட்டாத இருட்டுப் பொந்து இரண்டு விழும். ஜன்னலோ வென்டிலேட்டரோ இல்லாத இடத்தில் இந்த அறையே வேண்டாம். சென்னை மழைக்காலத்தை மூடிய அலமாரி தாங்காது, பாச்சை உருண்டை போட்டாலும் ஈரம் போகாது.

அதற்கும் முன்னால் உங்கள் துணியை அளந்துவிடுங்கள். நான் காலம் கடந்து செய்தேன். ஓர் அடிக் கம்பியில் வீட்டுக்காரரின் சட்டை 12 தொங்கியது. மாட்ட வேண்டியது மொத்தமும் 6 அடிக் கம்பியில் அடங்கிவிட்டது. மீதி எல்லாம் மடிப்பு. 11 அடிப் பக்கம் ஒன்றே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கத்தை எடுத்துவிட்டு, ஆசாரியை வைத்து 14 அங்குல ஆழத்தில் புடவைத் தட்டுகள் மட்டும் போட்டிருக்கிறேன். நடைவழி 32 அங்குலத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. மாமியார் கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்கிறார்.

போன மாதம் தாம்பரத்தில் தம்பி கட்டும் வீட்டுக்குப் போனேன். அங்கேயும் 6 அடி விட்டுத் தடுப்பதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தரையில் சாக்பீஸால் அலமாரி, சுவர், வாசல் எல்லாவற்றையும் உண்மையான அளவில் கோடு போட்டேன். 18 அங்குலத்துக்கு ஓர் அட்டையை வெட்டித் தம்பி கையில் கொடுத்து, கதவு திறப்பது போல் திருப்பச் சொல்லிவிட்டு அவன் மனைவியை அந்த வழியாக நடக்கச் சொன்னேன். அவளால் முடியவில்லை. மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்க அலமாரியை எடுத்துவிட்டு, சுவரை அரை அடி உள்ளே கொண்டுவரச் சொல்லிவிட்டான் தம்பி. அந்த அரை அடி படுக்கையறைக்குச் சேர்ந்தது.