எட்டிமான்லைன் சைட்: ஒரு வார்த்தை தேடப் போய் ஒரு மணி நேரம் போச்சு

பையன் எட்டாங்கிளாஸ். இங்கிலீஷ் ஹோம்வொர்க்ல ‘பென்சிவ்’னு ஒரு வார்த்தை. போன்ல இருக்குற டிக்‌ஷனரி ஆப்ல (பேரு வேணாம் விடுங்க) போட்டா "சிந்தனையுள்ள"ன்னு ஒத்த வார்த்தை, அதுக்கு மேல ரெண்டு விளம்பரம். ‘தாட்ஃபுல்’னாலும் அதானேம்மா, அப்ப என்ன வித்தியாசம்னு கேக்குறான், எனக்கு சொல்லத் தெரியல.

அப்பதான் எட்டிமான்லைன் பக்கம் போனேன். இங்கிலீஷ் வார்த்தைங்க எங்கேருந்து, எப்படி வந்துச்சுன்னு சொல்ற சைட், டக்ளஸ் ஹார்ப்பர்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர் ஆரம்பிச்சது, வெப்ல பாக்க காசு கிடையாது. பென்சிவ் 14ஆம் நூற்றாண்டு கடைசில பிரெஞ்சுலேருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சாம், அந்த பிரெஞ்சு வார்த்தைக்குப் பின்னாடி லத்தீன் ‘பென்சாரே’, அதுக்கும் பின்னாடி ‘பெண்டேரே’, அதாவது தொங்கவிடு, எடை போடு. தராசுத் தட்டு தொங்குதுல்ல, அதேதான். நாமளும் சீர்தூக்கிப் பாக்குறதுன்னுதானே சொல்றோம், ஆளை எடை போட்டுட்டான்னும் சொல்றோம், அவனுக்கு டக்குனு புடிபட்டுருச்சு. அதோட இந்த வார்த்தைல ஆரம்பத்துலேருந்தே ஒரு சோகம் கலந்துருக்கு, சன்னலோரம் மூஞ்சிய தொங்கப்போட்டு உக்காந்து யோசிக்கிற ஆள்தான் பென்சிவ். தாட்ஃபுல் வேற ரூட்டு. அடுத்தவங்கள நெனச்சு நடந்துக்குறவங்கங்குற அர்த்தம் அதுக்கு 19ஆம் நூற்றாண்டுலதான் வந்து சேந்துருக்கு.

அதுக்கப்புறம் நிறுத்த முடியல. பெண்டுலம், எக்ஸ்பென்ஸ், சஸ்பெண்ட் எல்லாம் பங்காளிங்க. பேன்சி பூ இருக்கே, அதுகூட பிரெஞ்சுல ‘எண்ணம்’னு அர்த்தம் வர்ற ‘பான்ஸே’லேருந்து வந்த பேருதான்.

குறைன்னா, பழகாதவங்களுக்கு பக்கம் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், அங்கங்க சுருக்கக் குறிங்க வரும். சில வேர்ச்சொல்லுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டுருப்பாங்க, அது எழுத்துல எங்கயும் கிடைக்காத, ஆராய்ச்சியாளருங்க ஊகிச்சு கட்டுன வடிவம், தெரியாம படிச்சா அப்படியே நெசம்னு நம்பிருவோம். அப்புறம் வார்த்தைய இன்னைக்கு எப்படி வாக்கியத்துல போடுறதுன்னு இதுல தேடாதீங்க, அதுக்கு சாதா டிக்‌ஷனரி வேணும். என் கணக்குல அஞ்சுக்கு நாலரை.

பென்ஷனும் இதே குடும்பம்தான், அந்தக் காலத்துல காச எடை போட்டுத்தானே குடுப்பாங்க. இத சொன்னதுலேருந்து தாத்தா ஏடிஎம் ஸ்லிப்ப பாத்துட்டு அமைதியா உக்காந்தா போதும், "தாத்தா இன்னைக்கு பென்சிவ்"ங்குறான்.